ரெண்டு மூட்டைப் பொரி

அடையாறு,
2-11-2025, ஞாயிறு.

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் அந்த முருகன் புண்ணியத்துல நல்லாவே இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் அனுக்குட்டியும் சளி காய்ச்சல்னு எதுவும் இல்லாம சுகமா இருக்கணும். கால்கரில இப்பவே பனி கொட்ட ஆரம்பிச்சாச்சாமே, குழந்தைக்குக் காதை மூடி வெளிய அனுப்பு. தினம் வீடியோவுல பேசுறோமே, இப்ப எதுக்கு லெட்டர்னு நினைப்பே. வீடியோவுல என் முறை வர்றதுக்குள்ள உங்கம்மா சாம்பார்ல ஆரம்பிச்சு சம்பந்தி வரைக்கும் பேசி முடிச்சிடுறா, அப்பா நல்லா இருக்காருன்னும் அவளே சொல்லி வச்சிடுறா. நான் தலையை மட்டும் ஆட்டிட்டுப் போக வேண்டியதுதான். தவிர இது நிதானமா சொல்ல வேண்டிய விஷயம், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாவும் இருக்கு.

முதல்ல வீட்டு சமாச்சாரம். ரங்கநாதன் தெருக் கடையில தீபாவளி வியாபாரம் உங்க அண்ணன் ஆனந்தகுமார் நல்லாவே பார்த்துக்கிட்டான். நான் ஒருநாள் போய் கல்லாப் பக்கத்துல உட்கார்ந்தேன், ஒரு அம்மாவுக்கு முப்பது புடவை பிரிச்சுக் காட்டினான், அவங்க கர்சீப் வாங்கிட்டுப் போனாங்க, அதுக்கும் சிரிச்ச முகமா அனுப்பி வச்சான், எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்ல. என் முழங்கால் அப்படியேதான் இருக்கு, டாக்டர் நடக்கச் சொல்றாரு, நடந்தா வலிக்குதுன்னா வலிக்கத்தான் செய்யும்னு சொல்றாரு. அம்மாவுக்கு பி.பி. நார்மல்.

இனி விஷயத்துக்கு வர்றேன். நம்ம அபார்ட்மெண்டுக்குப் பின்னாடி ஒரு சாக்கடை இருக்குமே, நீ காலேஜ் போற காலத்துல மூக்கைப் பொத்திக்கிட்டுச் சின்னப் பாலத்தைத் தாண்டி ஓடுவியே, அது அந்தக் காலத்துல ஆத்துல போய்ச் சேர்ற ஊத்துத் தண்ணி ஓடையாம். போன வருஷம் அதுக்கு மேல சிலாப் போட்டு மூடிடப் போறாங்கன்னு தெரிஞ்சது. நம்ம சங்கத்துச் செயலாளர் வெங்கடேஷ், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், டீ குடிச்சாக்கூட மினிட்ஸ் எழுதுற மனுஷன், அவர்தான் அங்க இங்க அலைஞ்சு, நாங்களே இறங்கிச் சுத்தம் பண்ணப் பர்மிஷன் வாங்கினாரு. இது சாக்கடை இல்ல, சொந்தத் தண்ணி உள்ள ஓடைன்னு காட்டிட்டா மூட மாட்டோம்னு கார்ப்பரேஷன் அதிகாரி சொல்லிட்டாரு. அதுல இருந்து முப்பது பேர் ஞாயித்துக்கிழமை தவறாம இறங்கினோம். ரெண்டு கட்டிடத்துக் கழிவுக் குழாயை பாதாளச் சாக்கடைக்குத் திருப்ப வச்சோம், சேறு, பிளாஸ்டிக், கிழிஞ்ச மெத்தை, ஒரு கிரைண்டர்கூட எடுத்தோம். ஆனா ஊத்தைத்தான் காணோம். அதைக் கண்டுபிடிச்சது முனியம்மாள். உனக்கு ஞாபகம் இருக்குமே, நொச்சிக்குப்பத்துல இருந்து வந்து பாலத்துப் புங்க மரத்தடியில இருபது வருஷமா மீன் விக்கிறாங்களே, அந்தம்மாதான். எங்க கூத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காம ஒருநாள் புடவையை ஏத்திச் செருகிக்கிட்டு வெறுங்காலோட இறங்கினாங்க. சேத்துல மெதுவா மிதிச்சுக்கிட்டே போய் ஒரு இடத்துல நின்னாங்க, இங்க காலுக்கு ஜில்லுன்னு கீது, தோண்டுன்னாங்க. அப்படி மூணு இடம். மூணுலயும் சோறு கொதிக்கிற மாதிரி மணலைத் தள்ளிக்கிட்டுத் தண்ணி வந்துச்சு தாயி. நாங்க அத்தனை பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி கத்தினோம்.

ஆறே மாசத்துல அடிமணல் தெரியுற தண்ணி. கெண்டை வந்துச்சு, தட்டான் வந்துச்சு, மீன்கொத்தி தினம் ஏழு மணிக்கு கேபிள் ஒயர்ல வந்து உட்காரும். ஆகஸ்ட்ல ஒரு ஜோடி முக்குளிப்பான் பறவை வந்து கோரைக்குள்ள மிதக்குற கூடு கட்டுச்சு. செப்டம்பர்ல அதிகாரி வந்து பார்த்துட்டு, அக்டோபர் கடைசியில மறுபடி வர்றேன், அப்பவும் இப்படியே இருந்தா சிலாப் திட்டத்தை விட்டுடுறோம்னு சொல்லிட்டுப் போனாரு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு, அதை நீ ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினதா சொன்னியே, அது அப்பதான்.

இப்ப உங்கப்பன் பண்ணின காரியத்தைக் கேளு. ஆயுத பூஜைக்குக் கடையில பொரி கடலை கொடுத்தது போக இந்த வருஷம் ரெண்டு மூட்டைப் பொரி மிஞ்சிப் போச்சு. சாமிக்குப் படைச்ச பொரியைக் குப்பையில கொட்டக் கூடாதுங்கிறது நம்ம கடைப் பழக்கம், உனக்கே தெரியும். உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டு மயிலாப்பூர் தெப்பக்குளத்துல மீனுக்குப் பொரி போட்டவன்தானே நான். நம்ம ஓடையிலதான் இப்ப மீன் இருக்கே, தின்னுட்டுப் போகட்டுமே, புண்ணியமாப் போச்சுன்னு நினைச்சேன். பூஜை முடிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை விடிகாலையில ஸ்கூட்டர்ல கட்டிக் கொண்டு போய், ஓடையில தண்ணி தேங்கி நிக்கிற மேல்குட்டையில ரெண்டு மூட்டையையும் கொட்டினேன். மீனுங்க வாயைப் பிளந்துக்கிட்டு வந்து தின்னதைப் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியா இருந்துச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் மண்வெட்டியோட போய்ப் பார்த்தா, மீன் அத்தனையும் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. தண்ணி மேல நுரை, புளிச்ச நாத்தம். முக்குளிப்பான் ஜோடியைக் காணோம், கூடு காலி. நானும் வலையை எடுத்துக்கிட்டு இறங்கினேன். கோரை அடியில விட்டுத் தூக்கினா ஊறிப்போன பொரி கூழாட்டம் வந்துச்சு. மீன் தின்னது போக மிச்சப் பொரி அழுகித்தான் தண்ணி கெட்டிருக்குன்னு அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சு போச்சு மது. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? யாரும் பார்க்கிறாங்களான்னு திரும்பிப் பார்த்துட்டு அதைக் காலால சேத்துக்குள்ள அமுக்கினேன். அறுபத்தெட்டு வயசுல பண்ற வேலையா இது.

அன்னிக்கு சாயந்தரமே மீட்டிங். பாலத்துக்கிட்ட முனியம்மாள் மீன் கழுவுற தண்ணி ஓடையில விழுந்துதான் இப்படி ஆயிடுச்சுன்னு யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சாரு, எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அந்தம்மா கழுவுற தண்ணியை பக்கெட்ல பிடிச்சு ரோட்டுக்கு எதிர்த்தாப்புல கொண்டு போய்க் கொட்டுறவங்க, எனக்கு நல்லாத் தெரியும். பாலத்துக்கிட்ட இனி மீன் விக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. நான் வாயே திறக்கல. மறுநாள்ல இருந்து அந்தம்மா பஸ் ஸ்டாப் தாண்டி வெயில்ல போய் உட்கார்ந்தாங்க. இருபது வருஷ வாடிக்கை மரத்தடியைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுது, பாதி மீன் ஐஸ்லயே கிடக்கு. உங்கம்மா மீன் வாங்கிட்டு வரச் சொன்னா வேணாம்னேன். கல்யாணமாகி நாப்பது வருஷத்துல இந்த மனுஷன் மீன் வேணாம்னு சொல்லி இன்னிக்குத்தான் கேட்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டா. சனிக்கிழமை அவளே என்னை இழுத்துக்கிட்டுப் போனா. முனியம்மாள் தலையில ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டு வெயில்ல உட்கார்ந்திருக்காங்க. எப்பவும் போல நல்ல சங்கராவா பார்த்து எடுத்து வச்சு, முட்டி வலி எப்படிக் கீதுன்னு என்னை விசாரிச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். அவ திட்டல, நாளைக்கு மீட்டிங்ல சொல்லிடுங்கன்னா, அவ்வளவுதான்.

சொன்னேன். எந்திரிச்சு நின்னு, ‘பொரியைக் கொட்டி மீனைக் கொன்னது நான். முனியம்மா இல்ல’ன்னேன். வெங்கடேஷ் பேனாவைக் கீழ வச்சுட்டு, சார் இதை மினிட்ஸ்ல எழுதணுமான்னு மெதுவா கேட்டாரு. முழுப் பேரும் போட்டு எழுதுங்கன்னேன். தீர்மானத்தை அங்கேயே ரத்து பண்ணினாங்க. நாலு பேர் ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க, பார்க்கட்டும்.

ஓடை பிழைச்சுக்கிச்சு. அழுகின பொரியை மூணு நாள் வாரி எடுத்தோம், அப்புறம் மழை பிடிச்சுக்கிட்டுக் கழுவி விட்டுச்சு, ஊத்து அது பாட்டுக்குச் சுரந்துக்கிட்டே இருந்துச்சு. போன வியாழக்கிழமை அதிகாரி வந்தாரு, நடந்ததை மறைக்காம சொன்னோம், தண்ணியைக் கையில அள்ளிப் பார்த்தாரு, சிலாப் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. பொடி மீன் மறுபடி தெரியுது. முக்குளிப்பான்ல ஒண்ணு மட்டும் நேத்து வந்து முங்கி முங்கிப் பார்த்துட்டுப் போச்சு. மனசு நிறைஞ்சிருக்கு.

முனியம்மாள் சொன்னதை மட்டும் இன்னும் உனக்குச் சொல்லல. மீட்டிங் முடிஞ்ச மறுநாள் காலையில நானும் உங்கம்மாவும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். நான் சொல்ல ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. அந்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ல இறங்கும்போதே என்னையும் ஸ்கூட்டர்ல மூட்டையையும் பார்த்தாங்களாம். பார்த்துட்டு ஏன்மா ஒரு வாரம் வெயில்ல கிடந்தே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். ‘நான் சொன்னா யாரு நைனா நம்புவாங்கோ? மீன்காரி தப்பிக்கப் பாக்குறான்னுவாங்கோ. நீ சொன்னாத்தான் எனக்கு எடம். அதான் பாத்துக்கினு இருந்தேன்’னாங்க. மன்னிச்சுக்கோன்னு கேட்டேன். கூடையைத் தூக்குன்னாங்க. தூக்கினேன் மது, ஐஸ் தண்ணி சட்டையெல்லாம் வழிய, மரத்தடி வரைக்கும் நானே சுமந்துக்கிட்டுப் போய் இறக்கி வச்சேன்.

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, மனசுல ஒரு பாரமும் இல்லாம நல்லா இருக்கணும், எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. ஜனவரியில வரும்போது கோயிலுக்கெல்லாம் அப்புறம் போகலாம், முதல்ல பாலத்துக்குப் போய் முனியம்மாளைப் பாரு, மறந்துடாதே. உங்கப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு அந்தம்மாவுக்குத்தான் முழுசாத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கருணாகரன்