பின் சீட்டிலிருந்து வந்த டொக் டொக்

என் அன்பு அத்தானுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அக்கா நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதாவிட்டால் மீதியைப் பொறுமையாகப் படிக்கமாட்டீர்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆள்தானே நீங்கள்?

விஷயம் உங்கள் சிவப்புக் காரைப் பற்றியது. மஸ்கட்டில் பத்து வருஷம் வேலை பார்த்துக் கப்பலில் கொண்டுவந்தீர்களே, இரண்டே கதவும் நம் ஊர் ரோடு தாங்காத வேகமுமாக, நீங்கள் போன பிறகு அதை அக்காதான் ஓட்டுகிறாள். பேட்டையிலிருந்து சேரன்மகாதேவிப் பள்ளிக்கூட வேலைக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறாள். விற்றுவிடலாம் என்று யோசனை சொல்ல வந்த சொந்தக்காரர்களுக்கு ஒரு காபியைக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டாள்.

ஆவணியில் ஒருநாள் நானும் கூடப் போனேன். பள்ளிக்கூட வாசலில் காரை ஒடித்துத் திருப்பும்போது பின்னாலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அக்கா சிரித்தாள்.

"அவுகதாம்லே. நான் வெரசாத் திருப்புனா தட்டுதாக."

உங்களைத்தான் சொன்னாள். அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கியபோது நீங்கள் பின் சீட்டில்தான் உட்காருவீர்கள். பக்கத்தில் இருந்தால் கை தானாக ஸ்டியரிங்குக்குப் போய்விடும் என்பீர்கள். வளைவில் அவள் வேகத்தைக் குறைக்காவிட்டால் குதிகாலால் தரையில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். வாயே திறக்கமாட்டீர்கள்.

ஆனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நாலு வருஷம் கார்ப் பட்டறை நடத்தியிருக்கிறோம். என் காதுக்கு அது குதிகால் சத்தமாகப் படவில்லை. இரும்பும் இரும்பும் மல்லுக்கு நிற்கிற சத்தம்.

பேரிங் என்று நினைத்து மாற்றினேன். போகவில்லை. பின்சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகிற நீள ஷாப்டின் கிராஸை மாற்றினேன், அதற்கும் போகவில்லை. நேராகப் போனால் சத்தமே கிடையாது, மெதுவாக ஒடித்துத் திருப்பினால் மட்டும் வந்தது. மிச்சம் இருந்தது பின்சக்கரங்களுக்கு நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கிற ஹவுசிங் ஒன்றுதான். அதைப் பிரிக்க வேண்டும் என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"போதும்லே. ஒண்ணையும் பிரிக்காத. அந்தச் சத்தமும் இல்லன்னா அம்புட்டுத் தூரம் நான் தனியா எப்படிப் போவேன்?"

சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அத்தான்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் அக்கா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள். "மழைல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் காரைச் சுற்றிவந்தேன். பின்பக்கமெல்லாம் சேறு. பம்பர் இடுக்கில் நெல்நாற்று நாலைந்து செருகிக்கொண்டு நின்றது. அந்தக் கால்வாய் வளைவு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கால்வாய் நிறையத் தண்ணீர்.

அடுக்களையில் போய் நின்றேன். அவளாகவே சொன்னாள்.

"வளைவுல திருப்புனேன். பின்பக்கம் தானா இழுத்துட்டுப் போயிட்டு. ஒரு சக்கரம் வயல்ல எறங்கிட்டு. வயல் பக்கம்ங்கவும் தப்பிச்சேன்." அடுப்பைத் தணித்துவிட்டு, "அவுக தட்டவே இல்லலே. ஏன் தட்டல? எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். தூக்கிய சக்கரத்தை நீள ரெஞ்சால் திருப்பினேன். உங்கள் காரின் ஹவுசிங்குக்குள் தட்டுத் தட்டாக பிளேட்டுகள் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழலாமல் மற்றதோடு சேர்த்துப் பிடித்துக்கொள்பவை அவைதான். ஆனால் வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், அப்போது அவை வழுக்கி வழிவிட வேண்டும். அதனால் சக்கரம் கைக்கு இறுக்கமாக, ஆனால் ஒரே சீராகத் திரும்ப வேண்டும்.

திரும்பவே இல்லை. உடம்புப் பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். சட்டென்று விட்டது, நான் குப்புற விழுந்தேன். மறுபடி அழுத்தினேன். பிடித்தது, விட்டது. டொக், டொக். அக்கா கேட்ட அதே சத்தம். காய்ந்த ரோட்டில் பிடித்துப் பிடித்து விடுகிறது. ஈர ரோட்டில் டயரே வழுக்கிவிட்டதால் பிடித்தது விடவே இல்லை, அதனால் தட்டும் கேட்கவில்லை. இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டு காரின் பின்பக்கத்தை இழுத்துத் தள்ளியிருக்கிறது.

நல்லா இருந்த பிளேட்டு ஏன் இப்படி ஆனது? எனக்குப் பிடிபடவில்லை. டெலிபோன் பூத்துக்குப் போய் மஸ்கட்டுக்கு, உங்கள் கூட்டாளி காதருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒளிக்காமச் சொல்லும்வே. அவரு போன பொறவு அந்த ஹவுசிங் ஆயில மாத்துனீரா?"

மாற்றினேன், அத்தான். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான் காரைக் கழுவினேன். இருந்த எண்ணெயையெல்லாம் வடித்து, கடையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கிய தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலை ஊற்றினேன். ஹவுசிங் மூடிக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி ஒன்று முடிந்திருந்தது. கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அழுக்காக இருக்கிறதே என்று அறுத்துப் போட்டுவிட்டு, புதுக் கறுப்புக் கயிறு கட்டினேன். கும்பிடவும் செய்தேன்.

"அந்தத் துணி நாங்கதான் இங்கன வச்சுக் கட்டுனோம். சாதா ஆயில் ஊத்தக் கூடாதுன்னு அடையாளம்வே. அதுக்குக் கூடச் சேக்க ஒரு மருந்து சின்னக் குப்பில வரும், லீவுல வாறப்பெல்லாம் கொண்டாந்து குடுப்பேன். அது இல்லன்னா பிளேட்டு கருகிப் போவும்" என்றார் காதர்.

உங்கள் காருக்கு அடியில் என்னைக்கூடப் படுக்கவிட்டதில்லை நீங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நாற்பத்து நாலு வயதில் மாரைப் பிடித்துக்கொண்டு சாயப்போகிறோம் என்று உங்களுக்குத் தெரியுமா, பாவம்.

ஹவுசிங்கைப் பிரித்தேன். பிளேட்டுகள் தோசைக்கல் அடி மாதிரி கருகிக் கிடந்தன. பழைய வண்டி, தேய்ந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். கருகிய பிளேட்டு ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அந்தப் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தன மாசமா நான் யாருகூடலே பேசிக்கிட்டுப் போனேன்?"

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பஸ்ஸில் போய்வந்தாள். கார்த்திகையில் காதர் லீவில் வந்தார். புதுப் பிளேட்டும் குப்பியும் கொண்டுவந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து மாட்டினோம். ரெஞ்சு போட்டுத் திருப்பினேன். இறுக்கமாக, ஒரே சீராகத் திரும்பியது.

போன ஞாயிற்றுக்கிழமை தூறல். அக்கா வந்து சாவிக்குக் கையை நீட்டினாள். "நீயும் வா. பின்னால உக்காரு" என்றாள்.

பேட்டை தாண்டினோம். அவள் பேசவில்லை. வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. வேண்டுமென்றே ஓட்டுகிறாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கால்வாய் வளைவு வந்தது. கால்வாயில் செம்மண் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. என் குதிகால் தானாகத் தூக்கிக்கொண்டது, அத்தான். தட்டினால் உங்களை மாதிரி நடிப்பதாகிவிடும், தட்டாவிட்டால் என்ன ஆகுமோ. தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்திருந்தேன்.

வளைவுக்கு ஐம்பதடி முன்னால் அவளாகவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கார் தணிந்து, சத்தமில்லாமல், பின்பக்கம் ஒரு விரற்கடை விலகாமல் திரும்பியது.

"இங்கனதாம்லே தட்டுவாக" என்றாள். "பையப் போவோம்."

கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டுதான் ஓட்டினாள். கை ஆடவில்லை.

மூடியில் மறுபடி சிவப்புத் துணி கட்டியாயிற்று. துணி எதற்கு என்பதைப் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டேன். இந்த மழை முடிகிறவரை பின் சீட்டில் நான் போவேன். என் கால் தரையில் சும்மா இருக்கும். தட்டமாட்டேன், இது அக்கா மேல் சத்தியம்.

உங்கள் காரைக் கழுவியே கெடுத்த
உங்கள் மச்சினன்,
ஆறுமுகம்