தறி அறையில் ஒரு வரகு மூட்டை

சித்திரை 21, திங்கள்

கத்திரி வெயில் இன்று தொடக்கம். காற்று காய்ந்தால் தறியில் இழை அறும். பங்குனியிலிருந்தே தறி அறை ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. காலையும் மதியமும் நனைப்பது என் வேலை. தெரு கொதிக்கிறது, இங்கே மட்டும் ஜில்லென்று. அதனால் நான், புடவை, என் வீட்டுக்காரி கற்பகத்தின் வரகு மூட்டை, எல்லாரும் இந்த அறையில்தான் குடித்தனம்.

"அடுப்பங்கரையில வச்சா வண்டு வுழுந்துடுதுங்க. இங்கதான் குளுமையா இருக்குது" என்கிறாள்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் வரகு ராஜ்ஜியம். காலையில் பொங்கல், இரவில் உப்புமா. முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். ஆனால் சர்க்கரை இறங்கியிருப்பது உண்மை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயம்பேட்டையில் இருக்கும் மகள் சுகந்திக்கும் வரகை வறுத்து அரைத்து, கஞ்சி மாவு கட்டிக் கொடுத்துவிட்டாள். பேத்திக்கு இப்போதுதான் ஊட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

மதியம் கை நடுங்கியது. கரையில் ஒரு பூ கோணல். கற்பகத்திடம் சொல்லவில்லை.

சித்திரை 22, செவ்வாய்

மறுபடியும். சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தால் தலை கிறுகிறு. ஊடு நூல் ஓடும் நாடாவை இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் பிடிக்கக் கை வரவில்லை. சர்க்கரை நரம்புக்குப் போய்விட்டதா? பக்கத்துத் தெருக்காரருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது தறியை விட்டுச் செக்யூரிட்டி வேலை. பயமாக இருக்கிறது. எனக்கு வேறு வேலை தெரியாது.

கற்பகம் முகமும் வாடித்தான் இருக்கிறது. கேட்டால், "பித்தம்ங்க. எலுமிச்சம்பழம் வாங்கியாங்க."

சாயங்காலம் சுகந்தி போன். பாப்பா கஞ்சியை நன்றாகச் சாப்பிடுகிறதாம். அதைக் கேட்டதும் பித்தம் போய்விட்டது இவளுக்கு.

எலுமிச்சை. போன் ரீசார்ஜ். மறக்கக்கூடாது.

சித்திரை 23, புதன்

எழுதக் கை வருகிறதா பார்ப்போம்.

காலையில் சாப்பிட்ட பிறகு, கற்பகம் குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இழை அறுந்தது. முடிச்சுப் போடப் பார்த்தாள், விரல் நிற்கவில்லை. நான் போட்டுக்கொடுக்கப் போனேன். என் விரலும் நிற்கவில்லை. ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடுங்கினோம்.

"உங்களுக்குமா?"

"உனக்கு எப்பலேந்து?"

"ரெண்டு மூணு நாளாங்க. நீங்க வேலையில இருந்துக்கினு இருக்கீங்க, உங்களாண்ட சொல்லி எதுக்குன்னு..."

எனக்குச் சர்க்கரை. அவளுக்கு அதெல்லாம் கிடையாது. இருவர் வயிற்றிலும் போவது ஒன்றுதான். அவள்தான் முதலில் மூட்டையைப் பார்த்தாள். உள்ளே கைவிட்டுக் கிளறினாள். ஜன்னலோரப் பக்கம் முழுக்கக் கட்டிகட்டியாகப் பூசணம். ஈரச் சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர். மேலாக அள்ளியதில் தெரியவில்லை.

"கிறுக்கு வரகு" என்றாள். விவசாயக் குடும்பத்துப் பெண். "அறுப்புல மழை புடிச்சா இப்படி ஆவும், துன்னா மயக்கம் வரும்னு எங்கூர்ல சொல்லுவாங்க. கடையில வாங்கினதுக்கு ஏது மழைன்னு இருந்துட்டேங்க."

மழை நான்தான். காலையும் மதியமும்.

அடுத்த நொடி அவள் முகம் செத்துவிட்டது. "ஐயோ, பாப்பா!"

போன் அடித்தோம். சுகந்தி எடுக்கவில்லை. குழந்தை தூங்கினால் சைலண்டில் போட்டுவிடுவாள். கற்பகத்துக்கு நிற்கவே முடியவில்லை. அடித்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு நான் மட்டும் ஓடினேன். ஷேர் ஆட்டோக்காரர் ஆள் சேரட்டும் என்று நின்றார். கத்திவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

சுகந்தி கதவைத் திறந்தாள். இடுப்பில் பேத்தி. வாயெல்லாம் கஞ்சி மாதிரி ஈஷியிருந்தது. எனக்கு உயிரே இல்லை.

"இன்னாம்மா குடுத்த?"

"சாதம்தாம்பா. கொழைய மசிச்சி. ஏம்பா இப்படி நடுங்குற?"

கஞ்சி மாவு டப்பா அலமாரியில். சுற்றிய துணிகூட அவிழ்க்கவில்லை.

"கொஞ்சம் பெரிசாவட்டும்னு எடுத்து வச்சிக்கினேன். குடுக்கலன்னா அம்மா கோச்சிக்கும்னு சும்மா சொன்னேம்பா. நீ போட்டுக் குடுத்துடாத."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பேத்தி என் மீசையைப் பிடித்து இழுத்தாள். சொல்லமாட்டேன் என்று சுகந்தியிடம் தலையாட்டிவிட்டு, டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கற்பகத்திடம் "பாப்பா நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

சித்திரை 24, வியாழன்

இருவரும் ஆஸ்பத்திரி. பூஞ்சை விஷமாம். கழுவினாலும் போகாது, வறுத்தாலும் வெந்தாலும் போகாது, மாட்டுக்கும் போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. வரகின் மேல் குற்றமில்லை. நல்லதாக வாங்கி, ஈரம் படாமல் மூடி வைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். என் நரம்புக்கு ஒன்றும் இல்லை. இதைக் கேட்கத்தான் போனேன்.

மூட்டையையும் டப்பாவையும் குழி வெட்டிப் புதைத்தேன். கோணல் பூவைப் பிரித்தாயிற்று. கை பரவாயில்லை.

கற்பகம் நேற்றிலிருந்து பட்டினி. "எத்தினி வாட்டி ஊட்டிச்சோ... நானே வெஷத்த வறுத்து அரைச்சிக் குடுத்தேனே." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கொடுத்த வாக்கு மதியம் வரைதான் தாங்கியது.

"அவ டப்பாவத் தொறக்கவே இல்ல. உனக்காக சும்மா சொல்லிக்கினு இருந்திருக்கா."

கற்பகத்துக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"சின்ன வயசுலேந்தே அது என் பேச்சக் கேட்டதே இல்லீங்க" என்றாள். "நல்லா இருக்கட்டும்."

எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள்.