அல்ஹம்துலில்லாஹ்வுக்கு அடுத்த வாக்கியம்

அன்பு மகள் நஷ்வாவுக்கு, அலெக்சாந்திரியா டிராம் வண்டிகளின் முடிசூடா மன்னனும், என் அண்ணன் கண்மூடிய நாளிலிருந்து உனக்குத் தகப்பன் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவனுமாகிய சித்தப்பா ஷுக்ரி எழுதிக்கொள்வது. நானும் உன் சித்தி அதியாத்தும் இறைவன் அருளால் நலம். ஹாம்பர்க்கில் நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

இந்தக் குளிர்காலத்தின் முதல் புயல் வந்து போயிற்று. அலை ஒன்று கடற்கரைச் சாலையைத் தாண்டி வந்து என் டிராமில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிப் போனது, டிக்கெட் கூட எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய புயல் எங்கள் புது மேலாளர். பறவையே அரைமணி நேரம் பறக்கிற தூரத்தை இருபத்தைந்து நிமிஷத்தில் ஓட்டச் சொல்கிறார். அவர் வந்த நாளிலிருந்து, இரண்டு மாதமாக, என் மார்பின்மேல் ஓர் ஒட்டகம் மண்டியிட்டுப் படுத்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. டீ கிளாஸைப் பிடித்த கை நடுங்கியதை உன் சித்தி பார்த்துவிட்டாள், அவ்வளவுதான், என்னைக் கைதிபோல இழுத்துக்கொண்டு டாக்டர் மக்ரமிடம் போனாள். அவள் வெளியே உட்கார, நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர், எப்படி இருக்கீங்க ஷுக்ரி அண்ணே என்றார். அல்ஹம்துலில்லாஹ், பிரமாதம் என்றேன். தூக்கம்? அல்ஹம்துலில்லாஹ். சாப்பாடு? அல்ஹம்துலில்லாஹ். மார்பில் ஏதாவது? ஆயிரம் முறை அல்ஹம்துலில்லாஹ். அவர் எழுந்து கைகுலுக்கி, இந்த ஊர்லயே ஆரோக்கியமான ஆளு நீங்கதான் என்று அனுப்பிவைத்தார். படியில் இறங்கும்போதுதான் உன் சித்தி விசாரித்தாள். வலிக்குதுன்னு சொன்னியா மனுஷா என்றாள். அவர் மரியாதையா நலம் விசாரிச்சாரு, நானும் மரியாதையா பதில் சொன்னேன், குறையையா முகத்துக்கு நேரா சொல்ல முடியும் என்றேன். அவள் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடிப் புறாக்கள் சைப்ரஸ் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பின.

மறுபடி மேலே போனோம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அண்ணே, நன்றி ஆண்டவனுக்குச் சொல்றது, நானும் எங்க சர்ச்ல சொல்றவன்தான், அது அவருக்கு, இப்ப எனக்குப் பதில் சொல்லுங்க என்றார். சொன்னேன், நஷ்வா. மேலாளர், ஐந்து நிமிஷம், நடுங்கும் கை, எல்லாவற்றையும். இதயப் படம் எடுத்துப் பார்த்தார். இதயம் கோவேறு கழுதையினுடையதுபோலத் திடமாக இருக்கிறதாம், சுமைதான் அதிகமாம். ஒட்டகம் அன்றைக்கே எழுந்து போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், இன்னும் வருகிறது. ஆனால் தினமும் வேலை முடிந்து கடலோரம் நடந்து வீட்டுக்கு வந்து, அன்றைக்கு எது அழுத்தியது என்று உன் சித்தியிடம் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு அது எழுந்து கொஞ்சம் தள்ளி உட்காருகிறது.

இனி உன் விஷயம். உன்னோடு தங்கியிருக்கும் துர்ரியா போன வாரம் எங்களுக்குப் போன் செய்தாள், அவளைத் திட்டாதே, திட்டுவதானால் என்னைத் திட்டு. நீ வரைகிற பாலத்தின் வரைபடத்தைப் பதினைந்தாம் தேதி அலுவலகத்தில் காட்ட வேண்டும், மூன்று மாதமாக நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, பென்சில் பிடித்தால் விரல் நடுங்குகிறது, ரயிலிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தாய் என்றாள். அந்த வாரம் வழக்கமான வெள்ளிக்கிழமை போனிலும் நீ எங்களிடம் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொன்னாய். மழையில் தண்டவாளம் வழுக்கும்போது புதிதாக வந்த ஓட்டுநர் பயந்துபோய் பிரேக்கை ஒரே மிதியாக மிதிப்பான், சக்கரம் சுற்றாமல் இறுகிவிடும், வண்டி சறுக்கிக்கொண்டே போகும். கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும் மகளே. நீ மூன்று மாதமாக மிதித்த காலை எடுக்கவேயில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதையும் துர்ரியா சொன்னாள். சித்தப்பா ஊர் பூரா என்னைப் பத்திப் பெருமையா சொல்லி வச்சிருக்காரு, முடியலன்னு எந்த வாயால சொல்வேன் என்று அழுதாயாம். ஆமாம், சொன்னேன். ஜெர்மனியின் அத்தனை பாலத்தையும் நீ இடக்கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாய் என்று சொன்னேன். முந்தாநாள் முடிவெட்டுகிற பயூமியிடம் போய், சவரம் பாதியில் நிற்க, எல்லார் முன்னாலும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எங்க பொண்ணும் மனுஷிதான், களைச்சுப் போவா, தப்பும் பண்ணுவா என்றேன். பயூமி கத்தியைத் துடைத்துக்கொண்டே, நாங்க எப்பய்யா நம்பினோம், நீ சொன்னா பாதியில பாதிதான் எடுத்துக்குவோம், அந்தப் புள்ள மட்டும்தான் முழுசா நம்பியிருக்கு போல என்றான்.

வெள்ளிக்கிழமை போன் செய். அல்ஹம்துலில்லாஹ் சொல், அதைச் சொல்லாமல் எப்படி, ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் வரும்வரை நான் போனை வைக்கமாட்டேன். பதினைந்தாம் தேதி எப்படிப் போனாலும் சரி, இறைவன் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். பருப்பு சூப் வைத்துக் குடி, எலுமிச்சை பிழிய மறக்காதே என்று சித்தி சொல்லச் சொன்னாள். என் வாக்கியத்தை நானே முதலில் எழுதிவிடுகிறேன். அல்ஹம்துலில்லாஹ். நீ விழுந்ததை என்னிடம் சொல்ல முடியாதபடி செய்தவன் நான்தான், அது வலிக்கிறது.

உன் சித்தப்பா
ஷுக்ரி