கரையைக் கடந்துருச்சாம்

என்னிடம் வம்பிழுக்காமல் ஒரு வேளைச் சோறும் இறங்காத என் அண்ணனுக்கு,

அன்றைக்கு நான் உனக்குப் போட்ட போன் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ யாரிடமும் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். நான் சொல்லாமலே இருந்துவிட்டேன். ஏழு வருடம், அண்ணே.

போன வாரம் வங்கக்கடலில் மறுபடியும் ஒரு புயல் கிளம்பியது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். திண்டுக்கல்லில் தையல் மிஷின் மிதிக்கிற உன் தங்கச்சி, கடலை ராமேஸ்வரத்தில் இரண்டே முறை பார்த்தவள், தாழ்வுப் பகுதிக்கும் தாழ்வு மண்டலத்துக்கும் வித்தியாசம் சொல்கிறாள். ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் என்னைப் 'புயலக்கா' என்று கேலி பண்ணுகிறார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும். நீ போன பிறகு நான் படித்த ஒரே படிப்பு அதுதான்.

இப்போதெல்லாம் போனிலேயே வரைபடம் வந்துவிடுகிறது. புயல் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து, பாவாடைக்கு வெட்டிய துண்டு மாதிரி, கரையைப் பார்த்து விரிந்துகொண்டே போகும். அந்த விரிப்புக்குள் அது எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். முதல் நாள் நம் ஊர் அதன் ஓரத்தில் இருந்தது. மறுநாள் நடுவுக்கு வந்துவிட்டது. எனக்குக் கை ஓடவில்லை. வெட்டிப் போட்ட துணியை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு வடமதுரை பஸ் ஏறினேன்.

மதினி வாசலில் வெங்காய மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியாததா, நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. உன்னைக் கட்டிக்கொண்டதால்தான் அவள் எனக்கு மதினி. எங்களுக்குள் மரியாதை எல்லாம் கிடையாது.

"என்னடி செல்வி, பையத் தூக்கிட்டு வந்துட்ட? கடல் எங்க கெடக்கு, நம்ம எங்க கெடக்கோம்?" என்றாள்.

நீயும் இதையேதானே சொன்னாய்? நம் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நினைப்புதான். புயல் என்றால் அது மீன் பிடிக்கிறவர்களுடைய சங்கடம். நமக்கு மழை கிடைக்கும், கிணறு ஊறும், அவ்வளவுதான்.

குடத்திலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம். போன்களுக்குச் சார்ஜ் ஏற்றினோம். அவளுடைய ஆடுகள் விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. நீ போன பிறகு அவள் வாங்கி வளர்த்தவை, இப்போது பதினொன்று. தோப்பில் தகரக் கொட்டகை போட்டுக் கட்டியிருக்கிறாள். அவிழ்த்து விட்டுவிடலாம், ஓடிப் பிழைத்துக்கொள்ளும் என்றேன்.

"அவுத்து விட்டா நாய் கடிச்சுப் போட்ரும். இந்த ஒத்த ரூம்புல பதினோரு ஆட்ட எங்குட்டுக் கட்ட? விடியட்டும், பாப்போம்" என்றாள்.

விடியும்போதே காற்று தொடங்கிவிட்டது. கரண்டு போனது. பின்பக்கம் ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து உடையும் சத்தம் கேட்டது. பிறகு என்ன நினைத்ததோ, மழை தூறலாகி, காற்றும் தணிந்தது. அந்த நேரத்தில் போனில் செய்தி வந்தது. எனக்கு முன்னால் எதிர்வீட்டு முருகேசன் சித்தப்பா அதைப் படித்துவிட்டார். வாசலில் தலையை நீட்டி, "கரையக் கடந்துருச்சாம்த்தா. இனி ஒண்ணுமில்ல" என்றார்.

மதினி கதவுக் கொண்டியில் கை வைத்தாள். "அதான் கடந்துருச்சுல்ல. ஒரு எட்டு போயி ஆட்டப் பாத்துட்டு வந்துர்றேன்."

அது அவள் குரலே இல்லை, அண்ணே. உன் குரல்.

கடந்தது என்றால் நமக்கு முடிந்தது. ரோட்டைக் கடந்தாயிற்று, கஷ்டத்தைக் கடந்தாயிற்று என்றுதானே நம் வீட்டில் பேசுகிறோம்? புயலுக்கு அந்தச் சொல் அப்படி இல்லை. கரையைக் கடந்தது என்றால் அது கடலை விட்டு நிலத்தில் ஏறிவிட்டது. நம்மைப் பார்த்துப் புறப்பட்டுவிட்டது. அது வந்து சேருவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் நாம் நிம்மதியாக வெளியே போகிறோம்.

ஏழு வருடத்துக்கு முன்னால், டீக்கடை டிவியில் ஓடிய எழுத்தைப் படித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். "அண்ணே, கரையக் கடந்துருச்சாம்ணே, டிவியில போட்டுட்டான்" என்றேன். நீ, "அப்பாடி, கண்டம் கழிஞ்சுச்சு. மோட்டார் ரூம்புத் தகரம் என்னாச்சோ, ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்றாய். குடையை எடுத்துக்கொண்டு போ என்று வேறு சொன்னேன். பெரிய அக்கறை. தென்னை விழும்போது குடை என்ன செய்யும்?

உன் போன் உன்னோடு நசுங்கிப்போனது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நீ வாசல் இறங்கும்போது மதினி அடுப்படியிலிருந்து, "வர்றப்ப நாலு முருங்கக்கா ஒடிச்சுட்டு வாங்க, வெஞ்சனத்துக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னது மட்டும் பக்கத்து வீடுவரை கேட்டிருந்தது. உன்னைக் கிடத்தியிருந்த இடத்திலேயே ஒருத்தி சொன்னாள்: "முருங்கக்காய்க்கு ஆசப்பட்டுப் புருசனக் காவு குடுத்துட்டாளே." நான் அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் மதினி அந்தப் பழியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். நான் நல்ல நாத்தனாராக மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். என்னை மாதிரி ஒரு கோழையை நீ பார்த்திருக்க மாட்டாய்.

கதவுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். "போகாத. இனிமேத்தான் வரும்."

"வெலகுடி. மழை விட்ருச்சு, கண்ணு தெரியலயா?"

"ஆடு போனாப் போகட்டும்."

"ஒனக்கென்ன, சொல்லுவ. எனக்கு அதுகள விட்டா யாரு இருக்கா?" அவள் என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். எப்போதும் என்னைவிட அவளுக்குப் பலம் அதிகம். கொண்டி பாதி கழன்றுவிட்டது. வேறு எதைச் சொன்னாலும் அவள் நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோனது.

"அண்ணன் முருங்கக்காய்க்குப் போகல, மதினி. நான் போன் போட்டேன். கடந்துருச்சுன்னு நாந்தான் சொன்னேன். அத நம்பித்தான் போச்சு."

அவள் கை கொண்டியிலேயே நின்றது. "எப்ப?"

"அன்னைக்குக் காலையில. நீ அடுப்படியில இருந்திருக்க."

"ஏழு வருசமாவா சொல்லல?"

நான் தலையை ஆட்டினேன். அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள். காது அடைத்துக்கொண்டது. அடுத்த அடிக்கும் நின்றேன். அவள் அடிக்கவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கொண்டியைப் போட்டு அம்மிக்கல்லை உருட்டிக் கதவுக்கு அண்டை கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் வந்தது, அண்ணே. விடியும்போது அடித்தது அதன் ஓரம். இப்போது அடித்தது அதன் நடு. கதவு உள்பக்கமாக உப்பியது. தோப்பில் மரம் முறியும் சத்தத்தை எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. மதினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

மத்தியானம் காற்று ஓய்ந்த பிறகும் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. போய்ப் பார்த்தபோது கொட்டகைக்குப் போகும் பாதையில் மூன்று தென்னை குறுக்கே கிடந்தன. கூரைத் தகரம் அடுத்த காட்டில் கிடந்தது. ஐந்து ஆடு செத்துப்போயிருந்தது. ஆறு பிழைத்திருந்தது. மதினி செத்த குட்டி ஒன்றை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத் தன் தங்கச்சிக்குப் போன் போட்டாள். "அவரு நான் சொல்லிப் போகலயாம்டி. நான் சொல்லிப் போகலயாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த மூன்று வார்த்தையை அவளுக்குக் கொடுக்க எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

இன்றோடு மூன்று நாள். அவள் என்னோடு பேசவில்லை. நேற்று நான் போனபோது கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரத்தை டம் டம் என்று வைக்கும் சத்தம் கேட்டது. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏச வேண்டியதை எல்லாம் அந்தப் பாத்திரங்களை ஏசிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முருங்கைக்காய் என்று சொன்னவள் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். நாளைக்கு அவள் வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று நடந்ததைச் சொல்லப் போகிறேன். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. மதினி என்னை மன்னிப்பாளா என்று கேட்காதே. தெரியவில்லை. அவள் கோபமாக இருக்கிறாள், அண்ணே. கோபப்பட உயிரோடு இருக்கிறாள்.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டவள்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்வி