நைனா நிமித்தின ரெக்கை

பசை காயாத கையோட சோத்துல கை வெக்கிற என் தம்பி மோகனுக்கு,

டேய், நல்லா இருக்கியா? இப்படிக் கேக்கறதுக்கே எனக்குக் கோவம் வருது. செத்துப்போனவன்கிட்ட நல்லா இருக்கியான்னு கேக்க வெச்சிட்ட பாரு. சரி, கேட்டுட்டேன். நான் சொல்றத மட்டும் கேளு, எப்பவும் போல குறுக்க பேசாத.

உன் மொத தெவசம் முடிஞ்சுது. ஐயரு வந்தாரு, பிண்டம் வெச்சோம், காக்கா உடனே வந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் வடைய மட்டும் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆனா அன்னிக்குக் காலைல ஐயரு வர்றதுக்கு முந்தியே ஏரியில ஒண்ணு நடந்துச்சு. அத உங்கிட்ட சொல்லாம எனக்கு சோறு எறங்கல.

உன்னத் தெரியாதவங்களும் இத படிப்பாங்க, அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன். என் தம்பி திருப்பதியில செல்போன் ரிப்பேர் கடையில வேல பாத்தான். லீவு நாள்ல நாராயணவனத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து விமானம் செய்வான். ஷோகேஸ்ல வெக்கிற பொம்ம இல்ல, பறக்கறது. வெள்ளைக்காரன் காலத்துல சீமையில யாரோ வரைஞ்ச பழைய பிளான நெட்டுல தேடிப் புடிச்சி, திருப்பதி ஃப்ளெக்ஸ் கடையில பெருசா அடிச்சிக்கினு வருவான். "எந்தத் தலைவருக்குப் பொறந்தநாளு?"ன்னு கடைக்காரன் கேப்பானாம். அத டேபிள் மேல விரிச்சி, கோட்டு மேலயே லேசான கட்டைய வெச்சி, குண்டூசி குத்தி ஒட்டுவான். மேல மெல்லிசு காயிதம், உள்ள முறுக்கி விட ரப்பரு, அவ்ளோதான். மோட்டாரு கெடையாது, ரிமோட்டு கெடையாது. கையால விட்டா அது பாட்டுக்குப் போவும்.

கடைசியா ஒண்ண செஞ்சிக்கினு இருந்தான். ரெக்கைய முடிச்சிட்டான், உடம்பு பாதியில நிக்குது, அப்பதான் காய்ச்சல்னு படுத்தான். எழுந்திருக்கவே இல்ல.

நைனான்னு நான் சொல்றது எங்க அப்பாவ, தறி நெய்யறவரு. இனி உங்கிட்ட பேசறேன்.

நைனா எப்படி இருக்காருன்னு கேப்ப. தறிக்குப் போறாரு, வராரு, போட்டத துன்றாரு. ஆனா தெனமும் ஒரு வாட்டியாவது, யாரும் கேக்காமலே, "காய்ச்சல்தான, கஷாயம் குடிச்சா எறங்கிடும்னு நாந்தான சொன்னேன்"னு ஆரம்பிச்சிடுவாரு. டாக்டரு கூட எடுத்து சொன்னாரு, அப்படி எல்லாம் இல்ல பெரியவரே, இது வேற காய்ச்சல்னு. காதுலயே வாங்கல. சோறு பெசஞ்ச கை அப்படியே நிக்கும். நான் பஸ்ஸுல அம்பது பேர அதட்டி உள்ள தள்ளற கண்டக்டரு, இவர ஒரு வார்த்த சொல்ல வாய் வராது எனக்கு.

அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு நாள் தானா மாடிக்கு வந்தாரு. நீ இருந்த வரைக்கும் அந்த ரூம் பக்கமே எட்டிப் பாக்காதவரு. உன் டேபிளயே பாத்துக்கினு நின்னாரு.

"அம்மாடி, இவன் செஞ்சது பறக்குமா?"

"பறக்கும் நைனா. ஊரே பாத்திருக்குது."

"நான் பாக்கல. ஒண்ணு கூட பாக்கல. தெவசத்தன்னிக்கு இத பறக்க விடணும். என் கையால விடணும்."

உன் கூட்டாளி பாலாஜிக்குப் போன் போட்டேன். அவன் வேலை முடிச்சி ரேணிகுண்டாவுல எங்க பஸ்ஸ புடிச்சி வருவான், ராத்திரி ஆவறதுக்குள்ள திரும்பிடுவான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எனக்குத் தெலுங்குல சண்ட போடற அளவுக்கு வரும். அப்படியே ரெண்டு பேரும் திட்டிக்கினே உன் பிளானப் பாத்து உடம்ப முடிச்சோம். எத்தன குண்டூசிடா குத்துன நீ? என் வெரலு எல்லாம் ஓட்ட.

தெவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாலாஜி ரெக்கைய கையில எடுத்தான். பின்னாலேர்ந்து ஒரு கண்ண மூடிப் பாத்தான். மூஞ்சி செத்துப்போச்சு.

"அக்கா, ரெக்கலு ஃப்ளாட் அய்போயினாயி! எவரு சேசாரு?"

ரெக்க தட்டையாத்தான இருக்கும், இதுக்கு ஏண்டா கத்தறன்னு கேட்டேன். பிளான்ல ரெக்க நுனிகிட்ட இருந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தயக் காட்னான். வாஷ் அவுட். நமக்குத் தெரிஞ்ச வாஷ் அவுட் இன்னா? யாவாரம் வாஷ் அவுட், படம் வாஷ் அவுட், மொத்தமா போச்சுன்னு அர்த்தம். பிளான்ல அது வேற ஒண்ணாம். ரெண்டு நுனியிலயும் பின் ஓரத்த கொஞ்சூண்டு மேல தூக்கி, வேணும்னே முறுக்கி வெக்கணுமாம். விமானம் மூக்கத் தூக்கிக்கினு வேகம் கொறையற நேரத்துல அந்த முறுக்குதான் ரெக்கைய சரியாம புடிக்குமாம். அது இல்லன்னா ஒரு பக்கம் சரிஞ்சி, சுத்திக்கினே வந்து மண்ணுல குத்தும், ஒண்ணும் மிஞ்சாதுன்னான். நீ அந்த முறுக்க அவ்ளோ பதமா வெச்சிருந்தியாம், அவனே பாத்தானாம்.

யாரு செஞ்சதுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சிப்போச்சு. நம்ம வீட்ல காலண்டர் சாஞ்சிருந்தா துன்ற சோத்த விட்டுட்டு எழுந்து நேரா மாட்ற ஆளு ஒருத்தருதான். தறியில உக்காந்த கண்ணுக்குக் கோணல் ஆவாது. சுத்தி வளச்சிக் கேட்டேன். பெருமையா சொல்றாரு:

"ஆமாம்மா, மழைக்கு நமுத்து வளஞ்சிக்கினு இருந்துச்சு. லேசா தண்ணி தெளிச்சி, பலகைக்கு நடுவுல வெச்சி, மேல நூல் கட்ட ஏத்தி நிமித்திட்டேன். எம் புள்ள செஞ்சது கோணலா பறக்கக் கூடாது."

நான் இன்னாடா சொல்லட்டும்? நீ நிமித்துனது கோணல் இல்ல நைனா, அவன் வெச்ச உயிருன்னு சொல்லவா? கஷாயத்தையே இன்னும் மென்னுக்கினு கெடக்கறாரு. இன்னொரு பழிய அவரு தலையில நான் எப்படி வெப்பேன்? சொல்லாம விட்டா, அவரு பாக்கப்போற ஒரே விமானம் அவரு கண்ணு முன்னாலயே தலகுப்புற விழும்.

பாலாஜிதான் வழி சொன்னான். ஆவியில காட்டி மறுபடி முறுக்கலாம், நைனாவுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்னு. மறுநாள் அவன் லீவு போட்டுட்டுக் காலைலயே வந்தான், நைனா தறிக்குப் போனதும் இட்லி குண்டான ஏத்தினோம். ஆவி மேல ரெக்கைய காட்டி, நுனிய முறுக்கி, பின் ஓரத்துக்கு அடியில தீக்குச்சி முட்டு குடுத்து, ஊசி குத்தி வெச்சோம். காஞ்சப்புறம் எடுத்துப் பாத்தா அப்படியே நீ வெச்ச மாதிரி. எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? பஸ்ஸுல சில்லறைக்குக் கூட யாரையும் திட்டல அன்னிக்கி.

டூட்டி முடிஞ்சி வந்து பாக்கறேன், ரெக்க மேல நூல் கட்டு.

"மறுபடி கோணிக்கிச்சும்மா. இந்தக் கட்ட சரியில்ல போலக்குது"ன்னாரு நைனா.

அடப்பாவி மனுசா! மறுபடி இட்லி குண்டானு, மறுபடி தீக்குச்சி. இந்த வாட்டி ரெக்கைய பொடவயில சுத்தி என் பீரோவுல வெச்சிப் பூட்டிட்டேன். சிரிக்காத. நீ சிரிக்கிற மாதிரி கதையா இது? ஒவ்வொரு நாளும் டிக்கெட் கிழிக்கும்போது எனக்கு அந்தப் பீரோவே ஞாபகம். புத்தூர்ல எறங்க வேண்டிய ஒரு ஆயாவ வடமாலப்பேட்ட வரைக்கும் இட்டுக்கினு போய்ட்டேன்.

தெவசத்தன்னிக்கு விடியறதுக்கு முந்தி எழுந்து தலைக்கு ஊத்திக்கினு, ரெக்கைய வெளிய எடுத்து டேபிள் மேல வெச்சிட்டு, கோலம் போடப் போனேன். அவ்ளோதான் செஞ்சேன். பாலாஜி வர்றதுக்குள்ள நைனாவே எல்லாத்தையும் அட்டப்பெட்டியில எடுத்து வெச்சிட்டாரு, மூணு பேருமா ஏரிக்குப் போனோம். தண்ணி இல்லாம பாளம் பாளமா காஞ்சி கெடக்குது ஏரி. நைனா வெள்ள வேட்டி, பச்சத்தண்ணி கூட வாயில படல. மலைப்பக்கம் வெளிச்சம் வந்துச்சு, காத்து இன்னும் எழும்பல. நீ எப்பவும் சொல்ற நேரம்.

பாலாஜி பெட்டியத் தொறந்தான். ரெக்க பலக மாதிரி தட்டையா இருந்துச்சு.

கோலம் போட்ட நேரத்துல மனுசன் வேலைய முடிச்சிருக்காரு. பாலாஜி என் காதுகிட்ட வந்து தெலுங்குல, ரப்பரு அறுந்துபோச்சுன்னு சொல்லிடலாம் அக்கா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னான். நானும் தலைய ஆட்டத்தான் போனேன். அப்போ நைனா விமானத்த ரெண்டு கையாலயும் வாங்கி, கொழந்தைய வாங்கற மாதிரி, நெஞ்சுல வெச்சிக்கினு கேட்டாரு.

"எங்க நிக்கட்டும்மா? அவன் எங்க நிப்பான்?"

அந்தக் கேள்விக்கு எப்படிடா பொய் சொல்றது?

"அத கீழ வையி நைனா!" கத்திட்டேன். கத்தித்தான் எனக்குப் பழக்கம். "அது கோணல் இல்ல! மோகன் வேணும்னே முறுக்கி வெச்சது! அது இல்லன்னா விழுந்துரும்!"

ஏரி முழுக்க கேட்டிருக்கும்.

"அப்ப நான் நிமித்துனது?"

"நீ நிமித்துன. நாங்க முறுக்குனோம். நீ மறுபடி நிமித்துன."

"அவன் கையால செஞ்சத..." மண்ணுல உக்காந்துட்டாரு. விமானத்த மட்டும் தரையில படாம தூக்கிப் புடிச்சிக்கினே உக்காந்தாரு. "நல்லதுன்னு நெனச்சித்தாம்மா எல்லாத்தையும் செய்றேன். அன்னிக்கும் நல்லதுன்னுதான..."

பக்கத்துல உக்காந்தேன். இத்தன நாளா வராத வாய் அப்பதான் வந்துச்சு.

"அது போச்சு நைனா. நீ கஷாயம் குடுத்தாலும் போச்சு, குடுக்காட்டியும் போச்சு. அத யாராலயும் திருப்ப முடியாது. இது போகல. இத சரி பண்ணலாம். இப்பவே பண்ணலாம்."

நான் எந்த தைரியத்துல சொன்னேன்னு எனக்கே தெரியல. ஏரியில ஏது இட்லி குண்டானு? பாலாஜியப் பாத்தேன். அவன் வாய்காத்து போதும்னான். மோகன் அவசரத்துக்கு அப்படித்தான் செய்வான், காயிதத்து மேல வாய் வெச்சி சூடா ஊதி, முறுக்கிப் புடிச்சிக்கினே இருந்தா நிக்கும்னான். அவன் செய்றேன்னு கைய நீட்டினான். நைனா குடுக்கல.

"இன்னா அளவுன்னு மட்டும் சொல்லு"ன்னாரு.

ரெக்க நுனிய வாய்கிட்ட கொண்டுபோய் ஊதினாரு. ஹா... ஹா... வயசான மூச்சு, நடுவுல நடுவுல இளைக்குது. நூலு முறுக்கிப் பழகின வெரலு, அத்தன மெதுவா திருப்புச்சு. பாலாஜி பின்னால குந்திக்கினு ஒரு கண்ண மூடிப் பாத்தான். "இன்கொஞ்செம் நைனா... இன்கொஞ்செம்... சாலு, சாலு." போதும்னு அவன் சொன்னதும் அடுத்த பக்கம். எனக்கோ வேப்பமரத்து இலையிலயே கண்ணு. லேசா ஆட ஆரம்பிச்சிருச்சு. காத்து வந்துட்டா இன்னிக்கு இல்ல. ஐயரு வேற வந்துடுவாரு. அவசரப்படுத்தவும் முடியல, சும்மா நிக்கவும் முடியல, பல்லக் கடிச்சிக்கினு நின்னேன்.

ரப்பர பாலாஜி முறுக்கினான். நைனா எழுந்து, நீ நிக்கிற எடத்துல நின்னு, விட்டாரு.

நேரா மேல போச்சுடா. ரொம்ப மேல. மூக்கு தூக்கிக்கினே போயி, ஒரு எடத்துல அப்படியே நின்னுச்சு. பாலாஜி என் தோள நசுக்கிட்டான். இதுதான் அந்த எடம்னு எனக்கும் தெரிஞ்சுது, விழுறதா இருந்தா இங்கதான். எந்த சாமியக் கூப்புட்டேன்னு நினைவில்ல. எல்லா சாமியையும் கூப்புட்டேன்.

விமானம் லேசா தலைய ஆட்டுச்சு. மூக்க எறக்குச்சு. எறக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி, எடப்பக்கமா பெரிய வட்டம் போட்டுச்சு.

ரப்பர் நின்னப்புறமும் சத்தமே இல்லாம சுத்திக்கினு இருந்துச்சு. நான் அழுதேன், பாலாஜி அழுதான். நைனா எப்படி இருக்காருன்னு திரும்பிப் பாத்தேன். மனுசன் அழல. அண்ணாந்து பாத்துக்கினு நின்னாரு. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா தூக்கி, வெரல மடக்கி, ஒண்ணுமில்லாத காத்துல எதையோ முறுக்கிப் புடிச்சிக்கினு இருந்தாரு. விமானம் மண்ணுல எறங்கி நிக்கிற வரைக்கும் அந்தக் கைய விடல.

ஏண்டா, அவர ஒரு நாளாவது ஏரிக்கு இட்டுக்கினு வந்திருக்கக் கூடாதா? நீ கூப்புட்டிருந்தா வந்திருப்பாரா? தெரியல. நீயும் சொல்லமாட்ட.

ஐயரு போனப்புறம் நைனா ரெண்டு கை சோறு அதிகமா போட்டுக்கினாரு. கஷாயப் பேச்சு எடுக்கல. நாளைக்கு எடுப்பாரோ என்னவோ. எடுத்தா இனிமே நான் வாய மூடிக்கினு இருக்கமாட்டேன், அது என் சத்தியம். அந்த மனுசன ஒண்டியா அந்தக் காய்ச்சலுக்குள்ள விடமாட்டேன். நீ நிம்மதியா இரு.

உங்கிட்ட போட வேண்டிய சண்டை இன்னும் நெறைய பாக்கி வெச்சிருக்கிற,
உன் கண்டக்டர் அக்கா,
தேவகி