வில்லனின் வீடு

முறுக்கைத் தியேட்டர் இருட்டிலும் சரிபாதியாக உடைத்துத் தந்த என் தங்கை பியூலாவுக்கு,

நீ போன பிறகு ஒரு சீசன் வந்து போய்விட்டது. குற்றாலத்தில் இந்த வருடமும் சாரல் விழுந்தது. அதற்கு வெட்கமே இல்லை.

முதலில் சபைச் செய்தி. சினிமா பார்ப்பது பாவம் என்று இப்போதும் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். தென்காசி தியேட்டரில் இடைவேளை விட்டால், வடை வாங்கும் இடத்தில் ஒருவருக்கொருவர் "ஸ்தோத்திரம்" சொல்லி, பிள்ளைகள் அடம்பிடித்ததால் வந்ததாக விளக்குகிறார்கள். பிள்ளை இல்லாதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

நீ ஒளிந்து பார்த்ததில்லை. வேதத்தைப் போலவே படத்தையும் கேள்வி கேட்டுத்தான் பார்த்தாய். கதாநாயகன் அரிவாளை ஓங்குவான், தியேட்டரே விசிலடிக்கும், நீ என் காதில் கேட்பாய்: "அண்ணே, இந்த வில்லனுக்கு வீடு எங்கன இருக்கு?"

"ஏட்டி, படத்தைப் பாரு."

"படத்தத்தான் பாக்கேன். இவனுக்குச் சோறு வடிச்சு வச்சிட்டு ஒருத்தி காத்துட்டு இருப்பால்லா? அவள ஏன் காட்ட மாட்டேக்கான்?"

"காட்டுனா எவன் விசிலடிப்பான்?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். காலைல கோயில்ல மன்னிப்பப் பத்திப் பாடிட்டு, சாயங்காலம் கொலைக்குக் கைதட்டுதோமே, உறுத்த வேண்டாமா?"

எனக்கு உறுத்தியதில்லை. உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தது நான் என்பதால், உறுத்தாமல் இருக்கும் உரிமை எனக்கு இருப்பதாக நினைத்தேன்.

பிறகு, பாடகர் குழுப் பயிற்சி முடிந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்த உன்னை, அருவியில் குளித்துக் குடித்துவிட்டு வேன் ஓட்டி வந்த ஒருவன் மோதினான். இப்போது ஜாமீனில் இருக்கிறான்.

போன மாதம் தனியாகப் படத்துக்குப் போனேன். தங்கையைக் கொன்றவர்களை ஒவ்வொருவராக வெட்டுகிற அண்ணன் கதை. எழுந்து நின்று விசிலடித்தேன். எனக்கு விசில் வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்து அழுதேன். முன்வரிசைக்காரர் திரும்பி, "செண்டிமெண்டு நல்லா எடுத்திருக்கான்லா" என்றார்.

அடுத்த வாரம் அந்த வேன்காரனுடைய அம்மா வந்தாள். வாசற்படி ஏறவில்லை.

"அண்ணாச்சி, அவன் தூங்க மாட்டேக்கான். ஒங்க கால்ல விழணுங்கான். நீங்க அடிச்சிருவீயன்னு நான்தான் விடல."

"அடிப்பேன்தான்."

"அடிங்க அண்ணாச்சி. கொன்னுராதீய. எனக்கு அவன் ஒருத்தந்தான்."

அவளை விரட்டத்தான் வாயைத் திறந்தேன். "ஒங்க வீடு எங்கன இருக்கு?" என்று வந்தது. என் குரல்தான், பியூலா. கேள்வி யாருடையது?

ஆலங்குளம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மஞ்சள் சுவர் வீடு. வாசலில் முருங்கைமரம் நிற்குமாம்.

நான் அவனை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாகச் சபையில் எழுந்து சாட்சி சொல்லவும் மாட்டேன். நீ இருக்கும் இடத்தில் பொய் எடுபடாது. ஆனால் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலங்குளம் பஸ் ஏறுவேன். அந்தக் கதவைத் தட்டுவேன். அதற்கு மேல் என்ன என்று எனக்குத் தெரியாது. நாம் பார்த்த படங்கள் எதுவும் அந்த வாசலுக்கு வந்ததில்லையே.

முறுக்கு வாங்கிப் போகிறேன். உன் பாதியை அவனிடம் நீட்டுவேன்.

இன்னும் உன் பக்கத்து நாற்காலியில் இருக்கும்,
உன் அண்ணன்