அறிவு: போதாது

மார்ச் 2, திங்கள்

சாதாப் பன் நூற்றிருபது, க்ரீம் பன் நாற்பது. மூன்று மணிக்குள் எல்லாம் தீர்ந்தது. கண்ணாடி அலமாரிக் கதவு மறுபடி கீச்சிடுகிறது. தம்பி மகனிடம் எண்ணெய் விடச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. "விடறேன் அத்தை" என்கிறான். அவன் விடறேன் என்றால் விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

மார்ச் 3, செவ்வாய்

உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல். ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் வந்தார். அதுவரை அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாவு மூட்டை தரையில் படாமல் பலகைமேல் இருக்கிறதா, இருக்கிறது. முட்டை எங்கே வாங்கியது, சீட்டு இருக்கிறது. குப்பைத்தொட்டிக்கு மூடி, இருக்கிறது. கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்து, க்ரீம் கிண்ணத்தில் தன் ஊசித் தெர்மாமீட்டரைச் செருகினார். ஏழு டிகிரி.

என் தெர்மாமீட்டர் உள்ளேயே தொங்குகிறது. அதில் நான்கு.

"பாருங்க சார், நாலுதான்."

"உங்களது தப்பா காட்டுதும்மா. க்ரீம் அஞ்சுக்கு மேல போகக்கூடாது. போனா கிருமி வளரும்."

"பதினோரு வருஷமா தொங்குது. இன்னைக்கு மட்டும் தப்பா காட்டுமா?"

"பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது சரிபார்த்தீங்களா?"

தெர்மாமீட்டரை வைத்துத்தான் மற்றதைச் சரிபார்ப்பது. தெர்மாமீட்டரை எதை வைத்துச் சரிபார்ப்பதாம்? அதைத்தான் கேட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொல்லி, உடைத்து ஒரு தம்ளர் நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். உருகும் ஐஸ் எந்த ஊரிலும் பூஜ்யம்தானாம். அவருடையது பூஜ்யம் காட்டியது. என்னுடையது பூஜ்யத்துக்குக் கீழே மூன்று.

"ஐஸ் பொய் சொல்லாதும்மா" என்றார்.

அப்படியானால் பொய் சொல்வது நானா?

க்ரீம் முழுவதையும் கொட்ட வைத்தார். கதவில் மஞ்சள் தாள் ஒட்டினார். பதினான்காம் நாள் மறு ஆய்வு, அதுவரை க்ரீம் விற்கக்கூடாது. என் கையில் ஒரு நகல் கொடுத்தார். அதில் கடைசிக்கு முந்தின வரி:

உரிமையாளரின் உணவுப் பாதுகாப்பு அறிவு: போதாது.

மார்ச் 4, புதன்

போதாதாம். என்னை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டுத் தம்பியைப் படிக்க வைத்தார்கள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் மாவு டின்னின் முதுகையும் படித்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். ஒரு ஆளும் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் நடத்தியாகிவிட்டது. யாரோ ஒருவர் வந்து இருபது நிமிடத்தில் அளந்துவிட்டுப் போகிறார், போதாது என்று. என்ன அளவுகோல் வைத்திருக்கிறார் அதற்கு? அதையும் தம்ளரில் போட்டுப் பார்த்தாரா?

பத்து நாளுக்குள் மேலதிகாரியிடம் முறையிடலாம் என்று தாளின் பின்பக்கம் இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதி நானே நேரில் கொடுத்துவிட்டு வந்தேன். ஜூஸ் கடை ஐஸில் என்ன கலந்திருக்கிறதோ, யார் கண்டது? ஐஸ்தான் தப்பு. நிரூபிக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

ஜூஸ் கடை ஐஸ், மறுபடி: மைனஸ் மூன்று.

மார்ச் 6, வெள்ளி

மீன் கடை ஐஸ்: மைனஸ் மூன்று. தம்ளர் நாறுகிறது.

மார்ச் 7, சனி

தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, நானே உறைய வைத்த ஐஸ்: மைனஸ் மூன்று.

காய்ச்சிய தண்ணீருமா?

மார்ச் 8, ஞாயிறு

மருந்துக் கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸ். அதேதான்.

தம்பி மகன் கேட்கிறான்: "அத்தை, ஊர்ல இருக்கிற ஐஸ் எல்லாம் கூட்டம் போட்டு உங்களுக்கு எதிரா சதி பண்ணுதா?"

வாயை மூடு என்றேன். கணக்குக்கு நாலு ஐஸும் ஒரே பேச்சுதான் பேசுகின்றன. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

எதிர்க்கடைத் தையற்காரி பன் வாங்க வந்தாள். மஞ்சள் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத எப்பக்கா எடுப்பாங்க?"

"பதினேழாம் தேதி. எல்லாம் வீண் வம்பு."

அவள் பையைச் சுருட்டினாள், பிரித்தாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன மாசம் க்ரீம் பன் தின்னுட்டு எங்க சின்னவளுக்கு ரெண்டு நாள் வாந்தி. அதுனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா..."

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"உங்ககிட்டயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அதுதான் போகமாட்டேன் என்கிறது மனசைவிட்டு.

மார்ச் 10, செவ்வாய்

தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குழாய்க்குள் இருக்கும் சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருக்கிறது. மயிரிழை அளவு இடைவெளி. அறுந்த துண்டு மேலே தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் கோடு குட்டையாகி, குறைத்துக் காட்டுகிறது.

தம்பி மகன் பின்னால் வந்து நின்றான்.

"ஜனவரில ஃப்ரிட்ஜ் கழுவறப்ப கைதவறி விழுந்துச்சு அத்தை. உடையலையேன்னு மறுபடி மாட்டிட்டேன்."

"ஏன் சொல்லல?"

அவனும் சிரித்திருந்தால் தேவலை. தரையைப் பார்த்தான். முப்பத்திரண்டு வயது ஆள்.

ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன். பதினோரு வருடத்தில் இரண்டு மாதம் போக, மீதி எல்லாம் அது சரியாகத்தான் காட்டியிருக்கும்.

மார்ச் 11, புதன்

முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூட என் முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை. குறையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தையற்காரி வீட்டுக்குப் போனேன். சின்னவள் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். "என்னாலதான் உனக்கு வாந்தி வந்துச்சு" என்றேன். அவள் "இப்ப சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி குதித்தாள்.

மார்ச் 12, வியாழன்

புதுத் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஃப்ரிட்ஜின் குளிரைக் கூட்டி வைத்தேன்.

"அப்ப முறையீட்ட திரும்ப வாங்கிடலாமா அத்தை?"

"முடியாது."

"அவர் சொன்னது சரின்னு ஆயிடுச்சே!"

"எது சரி, எது தப்புன்னு நான் போய்ச் சொல்றேன்."

தலையில் அடித்துக்கொண்டான். அவன் தலை, அவன் கை.

மார்ச் 16, திங்கள்

விசாரணை. மேலதிகாரி ஒரு பெண். மேசைமேல் அடுக்கடுக்காக முத்திரை வைத்த மாதிரிப் புட்டிகள்: எண்ணெய், பால், மிளகாய்த்தூள். ஒவ்வொன்றிலும் தேதியும் கையெழுத்தும். வலைத்தொப்பி ஆய்வாளர் ஓரமாக உட்கார்ந்திருந்தார், இன்று தொப்பி இல்லாமல். வழுக்கை.

நான் என் ஐஸ் கணக்கை வாசித்தேன். ஜூஸ் கடை, மீன் கடை, காய்ச்சின தண்ணீர், மருந்துக் கடை. பிறகு சொன்னேன்: "ஐஸ் சரி. என் தெர்மாமீட்டர் தப்பு. க்ரீமக் கொட்டினது சரி. மஞ்சத் தாள் சரி."

மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்கும்மா முறையீடு?"

"அந்த ஒரு வரிக்கு. தெர்மாமீட்டர எத வச்சு சரிபார்க்கறதுன்னு கேட்டேன். கேட்டதுக்கு அறிவு போதாதுன்னு எழுதிட்டார். தெரிஞ்ச மாதிரி தலையாட்டியிருந்தா போதும்னு எழுதியிருப்பாரா?"

அந்த அம்மா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். இரண்டே கட்டம்தான். போதும், போதாது. நடுவில் ஒன்றும் இல்லை.

வலைத்தொப்பி மெதுவாகச் சொன்னார்: "கேட்டதுக்காக எழுதலம்மா. பதில் தெரியாததுக்காக எழுதினேன். அன்னைக்குப் போதாதுதானே?"

கையிலிருந்த நகலை மடித்தேன்.

"அன்னைக்குப் போதாது" என்றேன்.

எழுதினதை மாற்ற முடியாதாம். முறையீடு தள்ளுபடி. மனுஷன் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கோபமாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. நானாக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

வந்தார். ஐஸை உடைத்துத் தம்ளரில் தயாராக வைத்திருந்தேன். என் புதுத் தெர்மாமீட்டர்: பூஜ்யம்.

"உங்களதையும் விடுங்க சார்" என்றேன்.

சிரித்தார். விட்டார். பூஜ்யம். தினமும் காலையில் கிளம்பும் முன் பார்த்துவிடுவாராம், குறிப்பு நோட்டையும் எடுத்துக் காட்டினார். ஒரு அரை டிகிரியாவது பிசகியிருக்கக் கூடாதா? எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சோதனைக்காக அடித்து வைத்த க்ரீமில் செருகினார். நான்கு. மஞ்சள் தாளை அவரே பிய்த்தார். புதுத் தாளில், கடைசிக்கு முந்தின வரியில், போதும் என்ற கட்டத்தில் டிக்.

தம்பி மகன் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்: "உரிமையாளரின் அறிவு, போதும்! அத்தை, போதுமாம்! இனிமே ஒண்ணும் தெரிஞ்சுக்க வேணாம்!"

ஆய்வாளர் வாசலில் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"போயிட்டு வரேம்மா."

"வாங்க தம்பி. சொல்லாமலே வாங்க."

ஒட்டின பசை மட்டும் கதவில் நிற்கிறது. வெந்நீர் விட்டுச் சுரண்டினேன், போகவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 18, புதன்

க்ரீம் பன் நாற்பது. பதினொரு மணிக்கே தீர்ந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

ஐஸில்: பூஜ்யம். க்ரீம்: நான்கு. திங்கள்தோறும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அலமாரிக் கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டான்.

தையற்காரி தன் கடை வாசலிலிருந்தே தெரு கேட்கக் கத்தினாள்: "அக்கா, இன்னைக்குப் பன்ல இனிப்பு கூடிப்போச்சு!"

இனிப்பு கூடவே இல்லை. ஆனாலும் குறித்து வைத்திருக்கிறேன்.